கிம்ப்பில் பிரஷ், பேட்டர்ன் படங்களை எங்கே போடுவது, போட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது

கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பெரும்பாலானவர்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அழகான பிரஷ் (தூரிகைபோல் அடித்தால் படத்தில் பதியும் வடிவம்) தொகுப்பு ஒன்றை டவுன்லோட் செய்தாயிற்று, ஜிப் ஃபைலும் கையில் இருக்கிறது, இதை எங்கே போடுவது என்று தேடினால் ஒருவர் ஒரு பாதை சொல்கிறார், இன்னொருவர் வேறொரு பாதை சொல்கிறார், போய்ப் பார்த்தால் இரண்டுமே நம் கணினியில் இல்லை. சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, அவர்கள் வைத்திருந்த பதிப்பு வேறு, அவ்வளவுதான். 2.8 காலத்தில் விண்டோஸில் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் நேராகவே கிம்ப்பின் ஃபோல்டர் இருந்தது. 2018 ஏப்ரலில் 2.10 வந்தபோது அது ஆப்டேட்டா என்ற, விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் போய்விட்டது. 2025 மார்ச்சில் 3.0 வந்ததும் ஃபோல்டர் பெயரில் உள்ள எண் மறுபடி மாறியது. பழைய வழிகாட்டிகள் எல்லாம் இன்னும் அப்படியே இணையத்தில் கிடக்கின்றன.

அதனால் பாதையை மனப்பாடம் செய்யாதீர்கள், யாரோ எழுதியதை நம்பித் தேடவும் வேண்டாம். கிம்ப்பிடமே கேளுங்கள். தன் ஃபைல்களை எங்கிருந்து எடுக்கிறது என்பதை அது ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லும்.

எடிட் மெனுவுக்குப் போய்க் கடைசிப் பகுதியில் உள்ள பிரிஃபரன்சஸைத் திறங்கள் (மேக்கில் இது ஆப்பிள் குறிக்கு அடுத்து உள்ள கிம்ப் மெனுவுக்குள் இருக்கும்). இடப்பக்கம் வரும் நீண்ட பட்டியலை அடிவரை நகர்த்தினால் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் பிரஷஸ், டைனமிக்ஸ், பேட்டர்ன்ஸ், பேலட்ஸ், கிரேடியன்ட்ஸ், ஃபான்ட்ஸ், பிளக்-இன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி விரியும். பிரஷஸை அழுத்துங்கள். வலப்பக்கம் பொதுவாக இரண்டு பாதைகள் தெரியும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு ஃபோல்டர்கள் ஏன்?

ஒன்று உங்களுடையது. விண்டோஸில் அது உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் கிம்ப், அதற்குள் பதிப்பு எண், அதற்குள் பிரஷஸ் என்று போகும். லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் கிம்ப், பதிப்பு எண், பிரஷஸ். மேக்கில் லைப்ரரி, அப்ளிகேஷன் சப்போர்ட், கிம்ப், பதிப்பு எண் என்று இறங்க வேண்டும்.

இன்னொன்று கிம்ப்புடையது. மென்பொருளை நிறுவும்போது அதனோடு சேர்ந்து வரும் பிரஷ்கள் அங்கே இருக்கின்றன. விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள், லினக்ஸில் யுஎஸ்ஆர், ஷேர் என்ற ஃபோல்டர்களுக்குள். இங்கே ஒரு குழப்பம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2.10 வைத்திருப்பவர்கள் இந்தப் பாதையைப் பார்த்தால் அதில் 2.0 என்று இருக்கும், தங்கள் சொந்த ஃபோல்டரில் 2.10 என்று இருக்கும். பழைய பதிப்பின் மிச்சம் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். 2 வரிசைப் பதிப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த இடத்தில் 2.0 என்றுதான் பெயர்.

உங்கள் ஃபைல்களை எப்போதும் முதல் ஃபோல்டரில் மட்டுமே போடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போட்டாலும் பிரஷ் வேலை செய்யும், அதனால்தான் பலர் அங்கே போடச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே எதை ஒட்டினாலும் விண்டோஸ் அட்மின் அனுமதி கேட்கும், அலுவலகக் கணினி என்றால் அந்த அனுமதியே உங்களிடம் இருக்காது. அதைவிடப் பெரிய விஷயம், கிம்ப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும்போதோ புதிய பதிப்புக்கு மாறும்போதோ அந்த ஃபோல்டரில் நீங்கள் சேர்த்தது அப்படியே உங்களோடு வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. மாறாக, உங்கள் சொந்த ஃபோல்டரில் போட்டதைப் புதிய பதிப்பு முதல் தடவை திறக்கும்போது தானே பார்த்து, பழைய பதிப்பின் ஃபோல்டரிலிருந்து புதியதற்குக் கொண்டுவந்துவிடும். 2.10-இலிருந்து 3.0-க்குப் போனவர்களுக்கு பிரஷ், பேட்டர்ன் (ஒரு பரப்பை நிரப்பத் திரும்பத் திரும்ப வரும் படம்) எல்லாம் சிக்கலில்லாமல் வந்திருக்கும். பிளக்-இன்கள் (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்கள்) மட்டும் அப்படி இல்லை, 2.10-க்கு எழுதியவை 3.0-இல் ஓடாது, அவற்றின் புதிய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

ஃபோல்டருக்குள் போவது

பிரிஃபரன்சஸில் உங்கள் பாதையின் மேல் ஒரு தடவை அழுத்தினால் அது பட்டியலுக்கு மேலே உள்ள பெட்டியில் வந்து உட்காரும். அங்கிருந்து நகலெடுத்து, விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் ஒட்டி என்டர் அழுத்துங்கள், நேராக உள்ளே போய்விடலாம். இந்த வழியில் போனால் ஆப்டேட்டா மறைந்திருக்கிறதா இல்லையா என்ற கவலையே வேண்டாம். கையால் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து போகிறவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை, ஏனென்றால் விண்டோஸ் ஆப்டேட்டாவை மறைத்தே வைத்திருக்கிறது. வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டு என்ற தேர்வைப் போட்டால்தான் தெரியும். இன்னொரு குறுக்குவழி, அட்ரஸ் பாரில் ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில் அடித்து அதன் முன்னும் பின்னும் ஒரு சதவீதக் குறி போட்டு என்டர் அழுத்துவது. அது ரோமிங் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும்.

லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் மறைந்திருக்கும், பெரும்பாலான ஃபைல் மேனேஜர்களில் கண்ட்ரோல்+எச் அழுத்தினால் தெரியும். மேக்கில் ஃபைண்டரின் கோ மெனுவை ஆப்ஷன் விசையை அழுத்தியபடி திறந்தால் லைப்ரரி வெளியே வரும். லினக்ஸில் ஸ்நாப் என்ற நிறுவும் முறை வழியாக நிறுவியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் கிம்ப்பின் ஃபோல்டர் வழக்கமான இடத்தில் இருக்காது, ஸ்நாப்புக்கென்று உள்ள தனி ஃபோல்டருக்குள் இருக்கும். வழக்கமான இடத்தில் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பிரிஃபரன்சஸ் காட்டும் பாதைதான் சரியான பாதை.

போடுவது

முதலில் ஜிப்பை விரியுங்கள். ஜிப்பை அப்படியே பிரஷஸ் ஃபோல்டரில் போட்டால் கிம்ப் அதைத் திறந்து பார்க்காது. விரித்த பின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பாருங்கள், பல தொகுப்புகளில் பிரஷ் ஃபைல்களோடு முன்னோட்டப் படம், உரிமம் சொல்லும் டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் சேர்ந்தே வரும். அந்த உரிம ஃபைலைத் தயவுசெய்து படியுங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் பிரஷ்ஷை வைத்துக் காசுக்கு அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுப்பது, அதை உட்கார்ந்து வரைந்தவருக்குச் செய்கிற அநியாயம்.

பிரஷஸ் ஃபோல்டர் ஏற்றுக்கொள்வது இவற்றைத்தான்: ஜிபிஆர் என்று முடிபவை சாதாரண பிரஷ்கள், ஜிஐஎச் என்பவை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு படம் விழும் பிரஷ்கள், விபிஆர் என்பவை வட்டம், சதுரம் போல அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய கணித வடிவங்கள், அப்புறம் ஏபிஆர், அது போட்டோஷாப்பின் பிரஷ். போட்டோஷாப் பிரஷ்ஷின் வடிவம் வந்துவிடும், ஆனால் அங்கே அதனோடு சேர்த்து வைத்திருக்கும் அமைப்புகள் எல்லாம் வராது, சில புதிய ஏபிஆர் ஃபைல்கள் திறக்கவே திறக்காமலும் போகலாம்.

பிஎன்ஜி, ஜேபெக் படங்களை பிரஷஸில் போட்டால் ஒன்றும் நடக்காது. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது. அதே பிஎன்ஜியைப் பேட்டர்ன்ஸ் ஃபோல்டரில் போட்டால் உடனே பேட்டர்னாக வந்துவிடும்! பேட்டர்னுக்கு கிம்ப்பின் சொந்த வடிவமான, பேட் என்று முடியும் ஃபைலும் சரி, பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் போன்ற சாதாரணப் படங்களும் சரி, எல்லாமே செல்லும். ஒரு காட்டன் துணியை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, சதுரமாக வெட்டி, பேட்டர்ன்ஸில் போட்டால் பக்கெட் ஃபில் கருவியில் பேட்டர்ன் ஃபில் தேர்ந்தெடுத்து எவ்வளவு பெரிய பின்னணியையும் அந்தத் துணியால் நிரப்பலாம். ஓரங்கள் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்தால் ஃபில்டர்ஸ், மேப், டைல் சீம்லெஸ் என்று போய் அழுத்திவிட்டு அப்புறம் சேமியுங்கள். படம் மிகப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை, 512 பிக்சல் சதுரமே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

ஃபைல்களைப் போட்டபின் கிம்ப்பை மூடித் திறக்கத் தேவையில்லை. கிம்ப்பின் மேல்பட்டியில் உள்ள விண்டோஸ் மெனுவில் டாக்கபிள் டயலாக்ஸுக்குள் பிரஷஸைத் திறந்து, அதன் அடியில் வரிசையாக உள்ள சிறு பொத்தான்களில் வட்டமாகச் சுற்றும் அம்புக்குறியை அழுத்துங்கள். ரீஃபிரெஷ் ஆனவுடன் புதியவை பட்டியலில் வந்துவிடும். பேட்டர்ன், கிரேடியன்ட், பேலட் எல்லாவற்றுக்கும் இதே பொத்தான் அவரவர் டயலாகில் இருக்கிறது.

ஃபைல்களைக் கொட்டி வைக்காமல் உள்ஃபோல்டர்களாகப் பிரித்து வையுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். பிரஷஸுக்குள் இலை, மேகம், நீர்வண்ணம் என்று ஃபோல்டர் போட்டு அவற்றுக்குள் ஃபைல்களை வைத்தால் கிம்ப் அவற்றையும் படித்துக்கொள்ளும், அதோடு ஃபோல்டரின் பெயரையே டேக்காக, அதாவது தேட உதவும் குறிச்சொல்லாக, எடுத்துக்கொள்ளும். பிரஷ் டயலாகின் மேலே உள்ள பெட்டியில் அந்த டேக்கைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஃபோல்டரில் உள்ளவை மட்டும் தெரியும். நூற்றுக்கணக்கில் பிரஷ் சேர்ந்தபின் இந்த வசதி இல்லாமல் வேலை பார்ப்பது கஷ்டம்.

நீங்களே ஒன்று செய்தால்

ஒரு இலையைக் கறுப்பில் வரைகிறீர்கள், பின்னணி வெள்ளை. இதை எந்த நிறத்திலும் அடிக்கக்கூடிய பிரஷ்ஷாக மாற்ற வேண்டும் என்றால் இமேஜ், மோட், கிரேஸ்கேல் என்று போய்ப் படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் லேயர், டிரான்ஸ்பேரன்சி, ரிமூவ் ஆல்ஃபா சேனல் (ஆல்ஃபா என்பது படத்தின் ஒளிபுகும் தன்மை). இப்போது கறுப்பு உள்ள இடத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறம் முழுதாக விழும், வெள்ளை இடத்தில் ஒன்றும் விழாது, நடுவில் உள்ள சாம்பல் அதன் அளவுக்கு மெல்லிசாக விழும். இலை நரம்புகளைக் கொஞ்சம் வெளிறிய சாம்பலில் விட்டால் அடிக்கும்போது நரம்பு தனியாகத் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். கிரேஸ்கேலுக்கு மாற்றாமல் ஆல்ஃபாவோடு கலரில் விட்டால் அது கலர் பிரஷ், படத்தில் உள்ள நிறமே விழும், முன்னணி நிறத்தை என்ன மாற்றினாலும் அது மாறாது. டவுன்லோட் செய்த பிரஷ் நிறம் மாற மாட்டேன் என்கிறது என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

பிறகு ஃபைல், எக்ஸ்போர்ட் அஸ். பெயரின் கடைசியில் புள்ளி ஜிபிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, முன்னே சொன்ன உங்கள் பிரஷஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அப்போது ஒரு சின்னப் பெட்டி வந்து ஸ்பேசிங், டிஸ்கிரிப்ஷன் என்று இரண்டைக் கேட்கும். ஸ்பேசிங் என்பது இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, பிரஷ்ஷின் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. இலை தனித்தனியாக விழ வேண்டும் என்றால் 100-க்கு மேல் வையுங்கள், குறைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே பட்டையாகிவிடும்.

டிஸ்கிரிப்ஷனை அலட்சியமாக விடாதீர்கள். கிம்ப்பின் பிரஷ் பட்டியலில் தெரிவது ஃபைலின் பெயர் அல்ல, இந்த டிஸ்கிரிப்ஷன்தான். அதைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் எல்லா பிரஷ்ஷும் ஒரே பெயரில் பட்டியலில் நிற்கும், ஃபோல்டரில் தேடுகிற பெயர் ஒன்றாகவும் கிம்ப் காட்டுகிற பெயர் வேறாகவும் இருந்து எது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இவ்வளவு வேலை வேண்டாம், அவசரத்துக்கு ஒன்று செய்தால் போதும் என்றால், படத்தில் வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துவிட்டு எடிட் மெனுவில் பேஸ்ட் அஸ், நியூ பிரஷ் என்று அழுத்துங்கள். பிரஷ்ஷின் பெயர், ஃபைலின் பெயர், ஸ்பேசிங் மூன்றையும் கேட்டுவிட்டு, அதுவே உங்கள் சொந்த ஃபோல்டரில் கொண்டுபோய்ச் சேமித்துவிடும். பேட்டர்னுக்கும் பக்கத்திலேயே நியூ பேட்டர்ன் இருக்கிறது. எந்த ஃபோல்டர் என்று நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை.

கிம்ப்பில் தெரிகிறது, ஃபைல் எங்கே?

இது தலைகீழான கேள்வி, அடிக்கடி வருவதும்கூட. ஒரு பிரஷ் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, நண்பருக்கு அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். பிரஷ் டயலாகில் அதன்மேல் வலது கிளிக் செய்யுங்கள். ஷோ இன் ஃபைல் மேனேஜர் என்றால் ஃபைல் இருக்கும் ஃபோல்டரே திறக்கும், காப்பி பிரஷ் லொக்கேஷன் என்றால் முழுப் பாதையும் நகலாகும். அதே மெனுவில் ஓபன் பிரஷ் அஸ் இமேஜ் என்பதை அழுத்தினால் பிரஷ் ஒரு சாதாரணப் படமாகத் திறக்கும், மாற்றி வேறு பெயரில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம்.

அழிக்கும் பொத்தான் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருந்தால் அந்த பிரஷ் கிம்ப்போடு வந்தது என்று அர்த்தம். அதை விட்டுவிடுங்கள். அழுத்த முடிந்தால் அது உங்கள் ஃபோல்டரில் உள்ளது, அழித்தால் பட்டியலிலிருந்து மட்டுமல்ல, டிஸ்க்கிலிருந்தே போய்விடும், யோசித்து அழுத்துங்கள்.

சேகரிப்பு பெரிதாகிவிட்டால் அதை சி டிரைவிலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அங்கே வைத்து, மறுபடி பிரிஃபரன்சஸில் ஃபோல்டர்ஸ், பிரஷஸ் போய், புதிய ஃபோல்டர் சேர்க்கும் பொத்தானை அழுத்தி அந்த இடத்தைக் காட்டுங்கள். பாதையின் பக்கத்தில் எழுத அனுமதி தரும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், புதிதாகச் செய்யும் பிரஷ்களை அங்கே சேமிக்க வேண்டும் என்றால் அதை டிக் செய்யுங்கள். இந்த மாற்றம் மட்டும் கிம்ப்பை மூடித் திறந்தால்தான் அமலுக்கு வரும். விண்டோஸை மறுபடி போட நேர்ந்தாலும் டி டிரைவில் உள்ளவை அப்படியே இருக்கும், பாதையைத் திரும்பச் சேர்த்தால் போதும். கிம்ப் திறக்க ரொம்ப நேரம் எடுத்தாலும் இதே இடத்துக்குத்தான் வர வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் இருக்கும் பிரஷ்களைத் திறக்கும்போதே ஏற்றிக்கொள்கிறது. அரிதாகத் தேவைப்படும் பெரிய தொகுப்புகளைத் தனி ஃபோல்டரில் வைத்து, வேண்டாத நாட்களில் அந்தப் பாதையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், ஃபைல்கள் எங்கேயும் போகாது.

போட்டும் வரவில்லை என்றால்

ரீஃபிரெஷ் செய்தாயிற்று, இன்னும் வரவில்லை. முதலில் டேக் பெட்டியில் ஏதாவது பழைய சொல் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் மற்ற பிரஷ்கள் எல்லாம் மறைந்துதான் இருக்கும். அடுத்து ஃபைலின் எக்ஸ்டென்ஷன், அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள். விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்துக் காட்டுவதால் பெயர் சரியாக இருப்பதுபோல் தெரியும், உண்மையில் அதன் பின்னால் இன்னொன்று ஒட்டியிருக்கும். வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். கணினியில் இரண்டு பதிப்புகள் இருந்து, ஒன்றின் ஃபோல்டரில் போட்டுவிட்டு மற்றதைத் திறந்து பார்க்கிறீர்களா என்றும் கவனியுங்கள், 2.10-க்கும் 3.0-க்கும் ஃபோல்டர்கள் தனித்தனி.

இதெல்லாம் சரி, அப்போதும் வரவில்லை என்றால் டாக்கபிள் டயலாக்ஸில் எரர் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி ரீஃபிரெஷ் செய்யுங்கள். கெட்டுப்போன ஃபைல் எது, எந்தப் பாதையில் இருக்கிறது என்று அங்கே வரி வரியாக வரும். அந்த ஃபைலை எடுத்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்து பாருங்கள்.

உங்கள் சொந்தப் படத்தைக் கிம்ப் திறக்கும்போது முகப்பில் காட்டவும் இதே ஃபோல்டர்தான். பிரஷஸ் இருக்கும் அதே வரிசையில், அதாவது பதிப்பு எண் உள்ள ஃபோல்டருக்குள், ஸ்பிளாஷஸ் என்று ஆங்கிலத்தில் எல்லாம் சின்ன எழுத்தாக ஒரு ஃபோல்டரை நீங்களே உருவாக்கி, அதில் ஒரு படத்தைப் போடுங்கள். பல படங்கள் போட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவற்றில் ஏதாவது ஒன்று வரும். இதற்கு ரீஃபிரெஷ் கிடையாது, கிம்ப்பை மூடித் திறந்தால்தான் தெரியும்.